ஐயாவின் மரப்பெட்டியில் பழைய நோட்டுகள்: டீலரா, ஏலமா, தரச்சான்றா, இணையமா?

காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி அனுப்பிய கேள்வி இது. “எங்க ஐயா (தாத்தா) பர்மாவுக்குக் கொண்டுவிக்க (தொழில் செய்ய) போயிருந்தவுக. அவுக மரப்பெட்டியைச் சுத்தம் பண்றப்ப ஒரு துணிமூட்டை நிறைய பழைய நோட்டு கிடைச்சது. ஊர்ல ஒரு டீலர் மொத்தமா நாலாயிரம் தர்றேங்கிறார். என் தம்பி போன்ல பாத்துட்டு நாலு லட்சம் போகும்ங்கிறான். அண்ணே, யார் பேச்சைக் கேக்கிறது?”

இரண்டு பேச்சையும் கேட்க வேண்டாம் என்று உடனே பதில் எழுதினேன். டீலர் சொன்ன விலை மூட்டைக்கு. தம்பி சொன்ன விலை எவனோ ஒருவன் விளம்பரத்தில் கேட்கும் விலை. நோட்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு விலை உண்டு, அதை இருவருமே சொல்லவில்லை. இதே கேள்வி வெவ்வேறு உருவத்தில் மாதத்துக்கு இரண்டு மூன்றாவது வருவதால், வீட்டில் கிடைத்த பழைய இந்திய நோட்டுகளை எங்கே காட்டி, எங்கே மதிப்பறிந்து, எங்கே விற்பது என்பதை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

வழிகளை ஒப்பிட நான் பார்ப்பவை நான்கு.

முதலாவது, கடைசியில் கைக்கு வரும் தொகை. சொல்லப்பட்ட விலை, அடித்த ஏலத்தொகை, புத்தகத்தில் போட்ட விலை எல்லாம் வேறு; கமிஷன், தபால், வரி, பயணச்செலவு கழிந்து மிஞ்சுவது வேறு.

இரண்டாவது, அடையாளம் சரியாகக் காணப்படுமா, கண்டதை உங்களிடமும் சொல்வார்களா. இது இரண்டு கேள்வி. டீலருக்கு முதலாவது நன்றாகவே தெரியும்.

மூன்றாவது, காலம். இன்றே பணமா, ஆறு மாதம் பொறுக்க முடியுமா?

நான்காவது, நோட்டுக்கு வரும் ஆபத்து. தொலைவது, மடிவது, கைமாறுவது, சட்டத்தில் சிக்குவது.

நோட்டு எவ்வளவு பழையது என்பதை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. வேண்டுமென்றேதான். வயது விலையைத் தீர்மானிப்பதில்லை. எண்பது வயது நோட்டு டீ விலைக்குப் போவதும், நாற்பது வயது நோட்டு ஆயிரக்கணக்கில் போவதும் இந்தத் தொழிலில் அன்றாடம்.

## எந்த வழியானாலும் முதலில் செய்ய வேண்டியது

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இதற்குப் போதும். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உட்காருங்கள். எச்சில் தொட்டு எண்ணக் கூடாது. ஒவ்வொரு நோட்டின் இரு பக்கத்தையும் படமெடுங்கள், வரிசை எண் தெளிவாகத் தெரியும்படி. நாளை யாரிடம் கொடுத்தாலும் இந்தப் படம்தான் உங்கள் ரசீது.

பிறகு கையெழுத்தைப் பாருங்கள். ஒரு ரூபாய் நோட்டு மட்டும் இந்திய அரசு வெளியிடுவது. அதில் நிதித்துறைச் செயலர் கையெழுத்திடுவார், பெரும்பாலும் ஆண்டும் போட்டிருக்கும். மற்ற நோட்டுகள் ரிசர்வ் வங்கியுடையவை, ஆளுநர் கையெழுத்து. 2005க்கு முந்திய பெரும்பாலான ரிசர்வ் வங்கி நோட்டுகளில் ஆண்டு கிடையாது. அங்கே கையெழுத்துதான் காலண்டர்.

ரிசர்வ் வங்கி 1935இல் தொடங்கினாலும் அதன் முதல் நோட்டு, ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட ஐந்து ரூபாய், 1938 ஜனவரியில்தான் வந்தது. அதில் இருப்பது இரண்டாவது ஆளுநர் ஜே. பி. டெய்லரின் கையெழுத்து. முதல் ஆளுநர் ஆஸ்போர்ன் ஸ்மித் எந்த நோட்டிலும் கையெழுத்திடவில்லை. டெய்லருக்குப் பின் 1943 முதல் 1949 வரை சி. டி. தேஷ்முக். அடுத்து ராம ராவ், ஐயங்கார், பட்டாச்சார்யா, எல். கே. ஜா என்று வரிசை நீளும். பி. என். அதார்கர் 1970இல் ஆறே வாரம்தான் ஆளுநராக இருந்தார். காந்தி பிறந்த நூற்றாண்டுக்காக வெளியிட்ட நோட்டுகளில் அவர் கையெழுத்தோடு வந்தவை உண்டு. ஜா கையெழுத்திட்டதைவிட அது அரிது. 1985இல் இருபது நாள் இருந்த அமிதாவ் கோஷின் கையெழுத்து எந்த நோட்டிலும் இல்லை. மன்மோகன் சிங், எஸ். வெங்கிடரமணன் இருவரும் நிதித்துறைச் செயலராக இருந்தபோது ஒரு ரூபாயிலும், ஆளுநரானபின் மற்ற நோட்டுகளிலும் கையெழுத்திட்டவர்கள். இந்த ஜோடியைச் சேர்ப்பது செலவில்லாத நல்ல தொடக்கம், குழந்தைகளுக்கும் பிடிக்கும்.

அடுத்து, எண்ணும் எழுத்தும். வரிசை எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்து பிரிஃபிக்ஸ். எண் பகுதியில் தனியாக ஓர் ஆங்கில எழுத்து அச்சாகியிருந்தால் அது இன்செட். ஒரே கையெழுத்தில் ஏ, பி, சி என்று பல இன்செட் வந்திருக்கும், அதில் ஒன்று மட்டும் அரிதாக இருக்கும். ஆறாம் ஜார்ஜ் இரண்டு ரூபாயில் எண் கறுப்பாக இருப்பது சாதாரணம், தேஷ்முக் கையெழுத்தோடு எண் சிவப்பாக இருந்தால் நிமிர்ந்து உட்காரலாம். ஆறாம் ஜார்ஜ் நூறு ரூபாயில் ஊர்ப்பெயர் இருக்கும்: மெட்ராஸ், பம்பாய், கல்கத்தா, லாகூர், கராச்சி. ஊருக்கு ஊர் விலை மாறும்.

சில நோட்டுகளைத் தூரத்திலிருந்தே பிரித்துவிடலாம்.

1917 நவம்பர் 30 தேதியிட்ட ஒரு ரூபாய், ஐந்தாம் ஜார்ஜ் நாணயப் படத்தோடு இருக்கும். முதல் உலகப்போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்ததால் அச்சிட்டது. 25 நோட்டு கொண்ட சிறு புத்தகமாகத் தைத்துக் கொடுத்தார்கள், அதனால் இடது ஓரம் கிழித்த மாதிரி இருப்பது குறை ஆகாது. இதில் கையெழுத்திட்ட அதிகாரிகளில் கப்பே கையெழுத்து அதிகம் கிடைக்கும், டெனிங் குறைவு. இதன் தம்பி இரண்டு ரூபாய் எட்டணா நோட்டு. அது பெட்டியில் இருந்தால் நாலாயிரம் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

சுதந்திர இந்தியாவின் தொடக்ககால இரண்டு, ஐந்து, பத்து ரூபாய் நோட்டுகளில் இந்தியில் ‘ருபயா’ என்று ஒருமையில் அச்சிட்டிருந்தார்கள். பன்மை எது என்ற விவாதம் முடிந்து ‘ருப்யே’ ஆனபின் அச்சு மாறியது. இந்தி தெரியாத வீட்டிலும் இரண்டு நோட்டைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். பழையதற்குத்தான் விலை.

1954இல் வந்த ஆயிரம் ரூபாயின் பின்பக்கத்தில் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் இருக்கும். 1978 ஜனவரியில் ஐயாயிரம், பத்தாயிரத்தோடு சேர்த்து இது செல்லாததாக்கப்பட்டது. அன்று மாற்றாமல் மறைத்துவைத்தவர் வீட்டில் இன்று நல்ல விலைக்குப் போகிறது.

வளைகுடாவுக்கென்று 1959இல் ரிசர்வ் வங்கி தனி நோட்டு அச்சிட்டது. நிறம் வேறு, எண்ணுக்கு முன் ‘இசட்’ இருக்கும். ஹஜ் பயணிகளுக்குக் கொடுத்த பத்து, நூறு ரூபாயில் ‘ஹெச்ஏ’ என்ற முன்னெழுத்தும் ‘ஹஜ்’ என்று ஆங்கிலத்தில் அச்சும் இருக்கும். அந்தக் காலத்தில் அங்கே போய்வந்தவர் வீடு என்றால் புத்தக இடுக்குவரை தேடுங்கள்.

பர்மா, மலேயாக் குடும்பங்களில் கிடைப்பதில் பாதிக்கு மேல் ‘ஜப்பானிய அரசு’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட போர்க்கால நோட்டுகள். மலேயாவுடையது எம், பர்மாவுடையது பி என்ற எழுத்தில் தொடங்கும். மலேயாப் பத்து டாலரில் வாழைமரம் இருக்கும். ஜப்பான் தோற்றதும் மூட்டை மூட்டையாகக் குப்பையானவை இவை. பார்க்க அழகு, விலை சொற்பம். அதே பர்மாவில் 1945இல் ரிசர்வ் வங்கி நோட்டின்மேல் ‘மிலிட்டரி அட்மினிஸ்ட்ரேஷன் ஆஃப் பர்மா’ என்று சிவப்பில் அடித்து வெளியிட்டார்கள். இரண்டும் ஒரே மூட்டையில் கலந்து கிடக்கும். டீலர் இரண்டாவதை முதலாவதன் விலைக்குக் கேட்பார்.

கடைசியாக, நிலைமை. மடிப்பு, கிழிசல், கறை, பேனாவால் எழுதிய கூட்டல் கணக்கு, செல்லோடேப் ஒவ்வொன்றும் விலையைத் தின்னும். இந்திய நோட்டுக்கு ஒரு சலுகை உண்டு: வங்கியிலேயே நோட்டுக்கட்டை ஸ்டேப்பிள் அடித்துத்தான் கொடுத்தார்கள், 2001இல் ரிசர்வ் வங்கி அதை நிறுத்தச் சொன்னது. எனவே புத்தம்புதிய பழைய நோட்டிலும் இடப்பக்கம் இரண்டு துளை இருக்கும். அதைக் காட்டி யாராவது பாதி விலை பேசினால் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

இஸ்திரி போடுவது, கழுவுவது, லேமினேட் செய்வது மூன்றும் நோட்டைக் கொல்லும். முதல் பாவத்தை நானே செய்திருக்கிறேன். கசங்கிய ஐந்து ரூபாய் ஒன்றைத் துணிக்கு நடுவில் வைத்துத் தேய்த்தேன். நோட்டு மினுமினுவென்று வந்தது. அச்சுமையின் மேடு முழுக்கப் படுத்துவிட்டது, தடவிப் பார்த்த முதல் ஆள் சிரித்தார். புற ஊதா விளக்கு இருந்தால் பழைய நோட்டின்மேல் அடித்துப் பாருங்கள். அக்காலக் காகிதம் மங்கலாகத்தான் தெரியும். நீலமாகப் பளீரென்று ஒளிர்ந்தால் யாரோ சலவைத்தூளில் முக்கியிருக்கிறார்கள், அல்லது அது பின்னாளில் அச்சிட்டது.

இனி வழிகள்.

## டீலரிடம் நேரில் விற்பது

கைக்கு வருவது: சில்லறை விலையில் பாதி வந்தால் நல்ல பேரம். சாதாரண நோட்டுக்கு அதற்கும் கீழே. இதில் டீலரைத் திட்ட எதுவும் இல்லை. உங்கள் மூட்டையில் எண்பது நோட்டு அவர் கடையில் இரண்டு வருஷம் தூங்கும், கடை வாடகை தூங்காது.

அடையாளம்: நன்றாகத் தெரியும். சொல்வாரா என்பது ஆளைப் பொறுத்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பணமுடையில் ஒரு நோட்டுக்கட்டை மொத்தமாக விற்றேன். எண்ணிக்கொண்டே வந்தவர் ஒரு காந்தி நூற்றாண்டு நோட்டில் மட்டும் அரை நொடி நின்றார், பிறகு எண்ணிக்கையைத் தொடர்ந்தார். அது அதார்கர் கையெழுத்து என்று எனக்குத் தெரிந்தது மூன்று வருஷம் கழித்து.

காலம்: அரைமணி நேரம்.

மறைந்த செலவு: மூட்டை விலை. நல்லதும் சாதாரணமும் கலந்திருக்கும்போது ஒரே தொகை சொல்வது வாங்குபவருக்கு மட்டுமே லாபம். ஒவ்வொன்றுக்கும் தனி விலை கேளுங்கள். “தனியாச் சொன்னா வேண்டாம்” என்றால் மூட்டைக்குள் ஏதோ இருக்கிறது. “பாத்து வைக்கிறேன், நாளைக்கு வாங்க” என்றால் படமெடுத்த பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவாருங்கள், அதுவும் தெரிந்த கடையாக இருந்தால் மட்டும்.

எப்போது சரி: எழுபது எண்பதுகளின் புழங்கிய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஜப்பானிய நோட்டு, கிழிந்தது, கறைபட்டது. இவற்றை வேறெங்கும் கொண்டுபோவது பெட்ரோலுக்குக் கட்டாது.

## கண்காட்சியும் நாணயச் சங்கமும்

சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் நாணயக் கண்காட்சிகள் நடக்கின்றன. மெட்ராஸ் காயின் சொசைட்டி போன்ற சங்கங்களும் உண்டு. வீட்டில் கிடைத்த மூட்டைக்கு இதுவே முதல் படி என்பது என் கட்சி, விற்பதாக இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

கைக்கு வருவது: கடையைவிடக் கூடும். ஒரே கூரைக்குக் கீழே இருபது மேசை, நடுநடுவே நேரடியாகச் சேர்ப்பவர்கள். தன் வரிசையில் ஒரு இன்செட் மட்டும் குறைகிற ஆள் எதிரில் வந்தால் டீலர் தராத விலை தருவார்.

அடையாளம்: ஐந்து வழிகளில் இங்கேதான் மிகச் சிறப்பு, அதுவும் இலவசம். பழைய சேகரிப்பாளர்களுக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு நோட்டை மேசையில் வைத்தால் மூன்று பேர் குனிவார்கள், இரண்டு பேர் சண்டை போடுவார்கள், அந்தச் சண்டையில் உங்களுக்கு வேண்டியது எல்லாம் வெளியே வந்துவிடும்.

மறைந்த செலவு: பயணம், ஒரு நாள், கைமாறும்போது படும் விரல்கள். ஒவ்வொன்றையும் ஒளிபுகும் உறையில் போட்டு உறையோடு காட்டுங்கள். முதல் மேசையிலேயே விற்காதீர்கள். குறைந்தது மூன்று மேசையில் விலை கேட்டுவிட்டு வெளியே போய் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள்.

எப்போது சரி: என்ன இருக்கிறது என்றே தெரியாதபோது. சில நூறு முதல் சில ஆயிரம் வரை போகக்கூடிய நடுத்தர நோட்டுகளுக்கு.

## ஏலம்

மும்பை, பெங்களூரு, அகமதாபாத்தில் நோட்டு, நாணய ஏல நிறுவனங்கள் பல ஆண்டுகளாக இயங்குகின்றன. நோட்டை ஒப்படைத்தால் பட்டியல் எண் கொடுத்து, படமெடுத்து, அச்சிட்ட விலை மதிப்பீட்டோடு ஏலத்தில் வைப்பார்கள்.

கைக்கு வருவது: அரிய நோட்டுக்கு இதற்கு மேல் வழி இல்லை. ஆனால் கணக்கைச் சரியாகப் போடுங்கள். ஏலத்தில் இரண்டு கமிஷன். ஒன்று உங்களிடம் கழிப்பது. மற்றது வாங்குபவர்மேல் ஏற்றுவது. இரண்டாவது உங்கள் தலையில் விழாது என்று நினைப்பது தப்பு. ஒருவர் ஒரு நோட்டுக்கு மொத்தம் 12,000 ரூபாய்வரை செலவழிக்கத் தயார் என்று வையுங்கள். வாங்குபவர் கமிஷனும் வரியும் சேர்ந்து 20 சதவீதம் என்றால் அவர் கையைத் தூக்குவது 10,000த்தோடு நின்றுவிடும். அதில் உங்கள் பங்குக் கமிஷன் 10 சதவீதம் என்றால் 9,000 வரும். இந்த விகிதங்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை, ஒப்பந்தத்தில் உள்ளதைப் போட்டுப் பாருங்கள். அதே நோட்டுக்குக் கண்காட்சியில் ஒருவர் 8,500 ரொக்கம் நீட்டினால் நான் வாங்கிக்கொள்வேன்.

அடையாளம்: துல்லியம். தவறாகப் போட்டால் அவர்கள் பெயர் கெடும் என்பதால் இரண்டு முறை பார்ப்பார்கள். ஆனால் சிறு நோட்டுகளைப் பத்து இருபதாகச் சேர்த்து ஒரே லாட்டாகக் கட்டிவிடுவது வழக்கம். அந்த லாட்டுக்குள் எது போகிறது என்று கேளுங்கள்.

காலம்: பட்டியல் தயாராகி, ஏலம் முடிந்து, வாங்கியவர் பணம் கட்டி, உங்களுக்கு வர மாதக்கணக்கு.

மறைந்த செலவு: விற்காமல் திரும்புவது. குறைந்தபட்ச விலையை உயர்த்திவைத்தால் யாரும் கேட்காமல் போகும். அந்த நோட்டு அடுத்த ஏலத்தில் வரும்போது, போனமுறை போகாதது என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

2024 மே மாதம் லண்டனில் நூனன்ஸ் ஏல நிறுவனம் இரண்டு இந்தியப் பத்து ரூபாய் நோட்டுகளை விற்பனைக்கு வைத்தது நம் செய்தித்தாள்களில் எல்லாம் வந்தது. 1918 மே 25 தேதியிட்டவை. லண்டனிலிருந்து பம்பாய்க்கு வந்துகொண்டிருந்த ஷிராலா கப்பல் 1918 ஜூலை 2 அன்று ஜெர்மன் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டபோது அதிலிருந்தவை. ஒரு நோட்டுக்கு 2,000 முதல் 2,600 பவுண்டுவரை என்று மதிப்பிட்டிருந்தார்கள். அந்த வாரம் மட்டும் “என்கிட்டயும் பழைய பத்து ரூபா இருக்கு” என்று எனக்கு வந்த செய்திகளை எண்ணவே இல்லை. அங்கே விற்றது பத்து ரூபாயோடு சேர்த்து ஒரு கப்பல்.

எப்போது சரி: ஐந்து பேராவது போட்டி போடுவார்கள் என்று சங்கத்தில் நான்கு பேர் சொல்லும் நோட்டு. பெட்டிக்கு ஒன்றோ இரண்டோ தேறினால் அதிர்ஷ்டம்.

## தரச்சான்று வாங்கிய பிறகு விற்பது

பிஎம்ஜி போன்ற அமெரிக்க நிறுவனங்கள் நோட்டைச் சோதித்து, 70 வரையுள்ள அளவுகோலில் ஓர் எண் கொடுத்து, கெட்டி உறையில் மூடித் தரும். 64க்கு மேல் என்றால் புழங்காத நல்ல நோட்டு. தாள் இயல்பாக, கழுவாமல் இருந்தால் ‘இபிகியூ’ என்ற மூன்றெழுத்து கூடுதலாக வரும். 66க்கும் 64க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, விலைக்கு நன்றாகவே தெரியும்.

கைக்கு வருவது: உயர்தர நோட்டுக்குப் பல மடங்கு கூடலாம். சுமாரான நோட்டுக்கு ஒன்றும் கூடாது. உறையில் 25 என்று எழுதிக் கொடுத்தால், இதுவரை ‘நல்ல நோட்டு’ என்று சொல்லி விற்றதும் இனி முடியாது.

அடையாளம்: அசலா போலியா, கழுவியதா, ஒட்டுப்போட்டதா என்பதில் இதுவே கடைசி வார்த்தை. விலை மட்டும் சொல்ல மாட்டார்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை, சான்றிதழ் வந்ததும் “எவ்வளவுன்னு போடலையே” என்கிறார்கள்.

மறைந்த செலவு: சோதனைக் கட்டணம், போகவர இன்சூரன்ஸ் தபால், மொத்தமாகச் சேர்த்து அனுப்பும் முகவர் பங்கு, காத்திருப்பு. நோட்டு ஒன்றுக்கு எல்லாம் சேர்ந்து எவ்வளவு ஆகும் என்று முதலில் கேட்டு, அந்தத் தொகையை ஐந்தால் பெருக்குங்கள். உங்கள் நோட்டு இப்போதே அந்த விலைக்குப் போகாது என்றால் அனுப்புவது வீண். இது என் சொந்த விதி, வேறு யாரும் சொன்னதல்ல. ஒரே மூச்சில் பன்னிரண்டு நோட்டை அனுப்பிவிட்டு ஒன்பதில் நஷ்டப்பட்ட பிறகு போட்டுக்கொண்டது.

இன்னொன்று சட்டம். நூறாண்டு கடந்த தொல்பொருட்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. 1917ஆம் ஆண்டு ஒரு ரூபாயைத் தபாலில் அமெரிக்காவுக்கு அனுப்பலாம் என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். இந்தியாவுக்குள் சோதிக்க வழி இருந்தால் மட்டும் பாருங்கள்.

எப்போது சரி: மடிப்பே படாத, நோட்டுக்கட்டிலிருந்து உருவிய நோட்டு. அல்லது போலிகள் நடமாடும் உயர்மதிப்பு நோட்டு, உதாரணமாகப் பெரிய கோயில் ஆயிரம். வாங்குபவர் சந்தேகத்தோடுதான் வருவார், உறை அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும்.

## இணையம்

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன், ஏனென்றால் இந்த வழியை நான் பரிந்துரைப்பதில்லை.

“786 நோட்டு இருந்தால் ஐந்து லட்சம்”, “டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய்க்கு வீடு” என்று வரும் விளம்பரங்கள் வாங்க வருபவை அல்ல. போன் செய்தால் “உங்க நோட்டு செலக்ட் ஆயிடுச்சு” என்பார்கள். பிறகு பதிவுக் கட்டணம், ஜிஎஸ்டி, ரிசர்வ் வங்கி அனுமதிக் கட்டணம் என்று நீங்கள் பணம் அனுப்பிக்கொண்டே இருப்பீர்கள். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிக்கை விட்டது: இத்தகைய விற்பனையில் தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை, கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, யாருக்கும் அதிகாரம் தரவில்லை என்று. விற்பவர் பணம் கட்ட வேண்டிய வியாபாரம் எங்கேயாவது உண்டா?

மோசடி அல்லாத தளங்களிலும் ஒரு பொறி இருக்கிறது. அங்கே நீங்கள் பார்ப்பது கேட்கும் விலை. விற்ற விலை அல்ல. நான் கூட என் பழைய சைக்கிளை ஒரு கோடி என்று போடலாம். முடிந்த ஏலங்களின் விலைகளை ஏல நிறுவனங்கள் வெளியிடுகின்றன. அதே கையெழுத்து, அதே இன்செட், அதே தரம் மூன்றும் பொருந்தும் நோட்டு என்னவாகப் போனது என்று அங்கே பாருங்கள். இணையத்தின் உருப்படியான பயன் அதுதான்.

சேகரிப்பாளர் குழுக்களில் நேரடியாக விற்பது வேறு கதை. பெயர் தெரிந்த ஆட்கள், முன்பணம், பதிவுத்தபால் என்று போனால் கமிஷன் இல்லாமல் முழு விலையும் கைக்கு வரும். அதற்கு ஒரு வருஷமாவது அந்தக் குழுவில் புழங்கியிருக்க வேண்டும். ஃபேன்சி நம்பர் (ஒரே இலக்கம் திரும்பத் திரும்ப வருவது போன்ற எண்), ஸ்டார் நோட்டு (எண்ணில் நட்சத்திரக் குறி உள்ளது), 786 போன்றவற்றுக்கு நியாயமான சந்தை இங்கேதான் இருக்கிறது. நியாயம் என்றால் நூறுகளில், எப்போதாவது ஆயிரங்களில்.

## விற்காமல் வைத்திருப்பது

இதுவும் ஒரு வழிதான், செலவும் உண்டு. நம் ஊர் ஈரக்காற்றில் நோட்டு புள்ளி விழும், வெள்ளிமீன் பூச்சி தின்னும். கடையில் கிடைக்கும் மெல்லிய பிவிசி ஆல்பம் சில வருஷத்தில் பிசுபிசுத்து மையைப் பிடித்துக்கொள்ளும். பாலியெஸ்டர் உறை கொஞ்சம் விலை கூட, ஆனாலும் அதுதான் வேண்டும்.

2016 நவம்பரில் செல்லாமல் போன பழைய ஐநூறு, ஆயிரம் உங்களிடம் இருந்தால் எண்ணிப் பாருங்கள். 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துக்கு மேல் வைத்திருப்பது குற்றம். ஆய்வுக்கோ நாணயச் சேகரிப்புக்கோ என்றால் இருபத்தைந்துவரை. மீறினால் 10,000 ரூபாய் அல்லது முகமதிப்பின் ஐந்து மடங்கு, எது அதிகமோ அது அபராதம்.

## ஒரே பார்வையில்

| வழி | கைக்கு வருவது | அடையாளம் | காலம் | முக்கிய ஆபத்து | எந்த நோட்டுக்கு |
|---|---|---|---|---|---|
| டீலர் | குறைவு | தெரியும், சொல்வது அவர் மனம் | அன்றே | மூட்டை விலை | சாதாரணம், புழங்கியது |
| கண்காட்சி, சங்கம் | நடுத்தரம் | மிக நன்று | ஒரு நாள் | விரல்பட்டுக் கெடுவது | தெரியாத மூட்டை, நடுத்தரம் |
| ஏலம் | அரியதற்கு அதிகம் | துல்லியம் | மாதங்கள் | விற்காமல் திரும்புவது | அரியது மட்டும் |
| தரச்சான்று | உயர்தரத்துக்கு மட்டும் கூடும் | கடைசி வார்த்தை, விலை இல்லை | மாதங்கள் | கட்டணம், ஏற்றுமதித் தடை | மடிப்பில்லாதது, போலி வரும் வகை |
| இணையம் | முழுதும் வரலாம், முழுதும் போகலாம் | நீங்களே | நிச்சயமில்லை | மோசடி | ஃபேன்சி எண், தெரிந்த குழுவில் |
| வைத்திருப்பது | இல்லை | தேவையில்லை | – | ஈரம், பூச்சி | குடும்பக் கதை உள்ளது |

## அந்தக் காரைக்குடி மூட்டை

படங்களை அனுப்பச் சொன்னேன். நாற்பத்தேழு நோட்டு. முப்பத்தொன்று ஜப்பானிய பர்மா நோட்டுகள். ஒன்பது ஆறாம் ஜார்ஜ் ஒரு ரூபாய், 1940ஆம் ஆண்டுடையது, ஏராளமாக அச்சானது, எல்லாம் நன்றாகப் புழங்கியவை. மூன்று காந்தி நூற்றாண்டு ஒரு ரூபாய். அதுவும் நிறைய அச்சானதுதான், ஆனாலும் ஊரெல்லாம் அதற்குப் பெரிய விலை என்ற நம்பிக்கை. மிஞ்சியது நான்கு: பர்மா ராணுவ ஆட்சி முத்திரை அடித்தவை மூன்று, மெட்ராஸ் ஊர்ப்பெயரோடு ஆறாம் ஜார்ஜ் நூறு ரூபாய் ஒன்று, நடுவில் ஒரே மடிப்பு.

முதல் நாற்பத்து மூன்றுக்கும் டீலரே போதும், ஜப்பானிய நோட்டுகளை விற்காவிட்டாலும் நஷ்டமில்லை. முத்திரை அடித்த மூன்றையும் கண்காட்சிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். நூறு ரூபாயைக் கண்காட்சியில் நான்கு பேரிடம் காட்டிவிட்டு, அவர்கள் சொல்வது ஒத்துப்போனால் ஏலம். தரச்சான்று வேண்டாம். ஒரு மடிப்பு இருக்கிறது, எண் ஐம்பதுகளில் வரும், அதற்கு அமெரிக்காவரை போக வேண்டியதில்லை, அசலா என்பதில் சந்தேகமும் இல்லை. நாலாயிரம் பேசிய டீலர் கண்ணில் பட்டது அந்த ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்துக்கு விலை கேட்கச் சொன்னேன். அறுநூறு என்றாராம்.

போன வாரம் மறுபடி எழுதியிருந்தார். ஜப்பானிய நோட்டுகளை விற்க மனசில்லையாம். ரங்கூனில் கடன் வசூலான பணம் அத்தனையும் அந்தக் காகிதமாகத்தான் ஐயா கைக்கு வந்தது, அதையே சுமந்துகொண்டு ஊர் வந்து சேர்ந்தார் என்று வாசகியின் ஆயா (பாட்டி) சொல்வார்களாம். “சட்டம் போட்டு வளவுல (வீட்டு உள்முற்றத்தில்) மாட்டலாமா அண்ணே?” என்று கேட்டிருக்கிறார். மாட்டலாம். வெயில் படாத சுவராகப் பாருங்கள், பின்னால் பசை வேண்டாம், நான்கு மூலைக்கும் போட்டோ ஆல்பத்தில் வருகிற முக்கோண உறை போதும்.